பழைய லாரிக்குப் புத்துயிர்



பொழுதுபோக்கு என்ற சொல்லை நாம் சற்று இளக்காரமாகவே வழங்கி வருகிறோம். வேலை இல்லாத நேரத்தை எவ்வாறேனும் கழித்துவிடுவது என்பதே அதன் பொருள் என்று எண்ணுகிறோம். ஆனால் பொழுதுபோக்கிலும் தரம் உண்டு. தபால்தலை சேர்ப்பவன் தன்னை அறியாமலே பூகோளம் படிக்கிறான். பறவைகளைக் கவனிப்பவன் பொறுமையைப் பயில்கிறான். இன்று உங்களுக்கு நான் எடுத்துரைக்க விரும்புவது சற்று விசித்திரமானதொரு பொழுதுபோக்கு. இரண்டாவது உலகப் போரில் உழைத்து ஓய்ந்து, பின்னர்க் கொட்டகைகளிலும் காட்டோரங்களிலும் துருப்பிடித்துக் கிடந்த ராணுவ லாரிகளைத் தேடிப் பிடித்து, அக்கக்காகப் பிரித்து, பழுது நீக்கி, மீண்டும் சாலையில் ஓடச் செய்வதே அது.

பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், ஹாலந்து, அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் இவ்வேலையில் ஈடுபட்டவர்கள் பலர். அவர்களுள் விவசாயி உண்டு. வங்கிக் குமாஸ்தா உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியரும் உண்டு. அமெரிக்காவில் 1976-ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு சங்கம் தோன்றிவிட்டது. பிரான்ஸ் நாட்டின் நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய 1944 ஜூன் 6-ஆம் நாளை நினைவுகூரும் விழாக்களுக்கு இத்தகைய வண்டிகள் அணியணியாக வந்து சேருகின்றன. 2024-இல் நடந்த எண்பதாவது ஆண்டு விழாவிலும் அவை வந்து நின்றன.

கொல்வதற்கென்றே நடந்த போரின் கருவியை இத்தனை அன்போடு பேணுவது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை காண, முதலில் அந்த லாரி எத்தகையது, அது செய்த வேலை என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு வண்டியைப் பார்ப்போம். ஜி.எம்.ஸி. நிறுவனத்தின் இரண்டரை டன் லாரி என்று பெயர் பெற்றது அது. 1941 முதல் 1945 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் இந்த வகையில் உருவாயின. தொழிற்சாலை இதற்கு இட்ட குறியீடு ஸி.ஸி.கே.டபிள்யூ. என்பது. மந்திரம் போல் ஒலிக்கும் இந்த நான்கு எழுத்துகளுக்கும் பொருள் உண்டு. முதல் எழுத்து, வடிவமைத்த ஆண்டு 1941 என்பதைக் குறிக்கும். இரண்டாவது எழுத்து, ஓட்டுநர் அறை இயந்திரத்துக்குப் பின்னால் அமைந்த வழக்கமான வகை என்பதைச் சொல்லும். மூன்றாவது, முன்சக்கரங்களுக்கும் விசை செல்கிறது என்பதைத் தெரிவிக்கும். நான்காவது, பின்புறத்தில் விசை பெறும் அச்சுகள் இரண்டு என்று கூறும். ஆக, மூன்று அச்சுகளும் உந்தப்படும் வண்டி இது. சேற்றில் ஓர் அச்சு வழுக்கினாலும் மற்ற அச்சுகள் வண்டியை இழுத்துச் செல்லும்.

ஆறு உருளைகள் வரிசையாக அமைந்த பெட்ரோல் இயந்திரம். ஏறத்தாழ நூறு குதிரைச் சக்தி. அதிகபட்ச வேகம் மணிக்கு 45 மைல். இரண்டரை டன் என்பது, சாலையில்லா நிலத்தில் ஏற்றத்தக்க பாரம். நல்ல சாலையில் இதைப் போல் இரு மடங்கு ஏற்றியும் ஓட்டினார்கள். அழகு என்று சொல்லத்தக்கது இதில் ஒன்றும் இல்லை. உழவு மாட்டுக்கு அழகு எதுவோ அதுவே இந்த வண்டிக்கும் அழகு.

1944 கோடையில் இந்த லாரிக்குப் பெரியதொரு சோதனை வந்தது. நார்மண்டியில் இறங்கிய படைகள் ஆகஸ்டு மாதத்தில் பிரான்ஸ் முழுவதும் வெகுவேகமாக முன்னேறின. வேகமே வினையாயிற்று. பகைவர் பயன்படுத்தாதிருக்கும் பொருட்டு பிரான்ஸ் நாட்டு ரயில் பாதைகளை நேச நாட்டு விமானங்களே முன்பு குண்டு வீசிச் சிதைத்திருந்தன. இப்போது அதே பாதைகள் தமக்குத் தேவைப்பட்டபோது பயன்படவில்லை. பெட்ரோலும் உணவும் வெடிமருந்தும் கடற்கரையோரம் குவிந்து கிடந்தன. படைகளோ நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் பெட்ரோல் இன்றி நிற்கும் நிலை வந்தது.

அப்போது ஏற்பட்டதுதான் 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்னும் லாரிப் போக்குவரத்து. அவசரச் சரக்குகளுக்கு அமெரிக்க ரயில்வேக்காரர்கள் வழங்கிய பெயரே இதற்கும் வந்தது. 'சிவப்புப் பந்து விரைவு வண்டி' என்று நாம் கூறலாம். 1944 ஆகஸ்டு 25-ஆம் நாள் தொடங்கி நவம்பர் 16-ஆம் நாள் வரை இது நடந்தது. போவதற்கு ஒரு சாலை, வருவதற்கு ஒரு சாலை என இரண்டு சாலைகளை ஒதுக்கி, மற்ற வண்டிகளைத் தடுத்துவிட்டு, இரவும் பகலும் லாரிகளை ஓட்டினார்கள். உச்ச நிலையில் ஏறத்தாழ ஆறாயிரம் வண்டிகள் ஓடின. நாளொன்றுக்குப் பன்னிரண்டாயிரம் டன் வரை சரக்குகள் போய்ச் சேர்ந்தன. நவம்பர் நடுவில் கணக்குப் பார்த்தபோது மொத்தம் நான்கு இலட்சம் டன்னுக்கும் மேல். திரும்பும்போது காலி பெட்ரோல் டப்பாக்களையும், சில வேளைகளில் போர்க்கைதிகளையும் ஏற்றி வந்தார்கள். இந்த அணியின் முதுகெலும்பாக இருந்தது நாம் பார்த்த இரண்டரை டன் லாரியே.

போர் முடிந்தது. இலட்சக்கணக்கான லாரிகள் உபரியாயின. பல வண்டிகள் ஏலத்தில் போயின. மரம் ஏற்றவும், செங்கல் சுமக்கவும், இடிந்த ஊர்களைத் திரும்பக் கட்டவும் அவை உதவின. பிரெஞ்சு ராணுவம் ஏராளமான வண்டிகளை வைத்துக்கொண்டு, பட்டறைகளில் திரும்பத் திரும்பப் புதுப்பித்து, பல பத்தாண்டுகள் பயன்படுத்திற்று. அவ்வாறு புதுப்பித்தபோது ஒரு வண்டியின் உறுப்பு மற்றொன்றில் ஏறிற்று. இன்று ஆர்வலர் கைக்கு வரும் லாரி, பெரும்பாலும் இப்படிப் பல வாழ்வு வாழ்ந்து வந்த லாரிதான்.

இனி, அதைச் செப்பனிடும் முறையைக் காண்போம்.

முதல் வேலைக்கு ஸ்பானர் தேவையில்லை. காகிதமும் பென்சிலும் போதும். வண்டியின் சட்டத்தில் பொறித்துள்ள எண்ணைத் தேட வேண்டும். ஓட்டுநரின் எதிரே உள்ள பலகையில் சிறு உலோகத் தகடுகள் இருக்கும். அவற்றுள் ஒன்று, வண்டியின் எண்ணையும், ராணுவத்திடம் ஒப்படைத்த தேதியையும் சொல்லும். அந்தத் தேதி மிக முக்கியம். ஏனெனில் தொழிற்சாலை ஆண்டுதோறும் வண்டியை மாற்றிக்கொண்டே வந்தது. தொடக்கத்தில் ஓட்டுநர் அறை மூடிய இரும்பு அறை. பின்னர் எஃகைச் சிக்கனம் செய்யவும் கப்பலில் இடத்தை மிச்சப்படுத்தவும் கித்தான் கூரை போட்ட திறந்த அறை வந்தது. பாரம் ஏற்றும் தொட்டி முதலில் எஃகு. எஃகு அரிதானபோது மரம். அச்சுகளோ இரண்டு வகை. ஒன்றன் உறுப்புகள் பல மற்றதற்குப் பொருந்தா. தேதி தெரியாமல் தொடங்குபவன், நாற்பத்திரண்டாம் ஆண்டு உடலுக்கு நாற்பத்தைந்தாம் ஆண்டுச் சட்டையைத் தைத்துவிடுவான்.

அடுத்தது பிரித்தல். ஒவ்வோர் உறுப்பையும் கழற்றுமுன் படம் எடுக்க வேண்டும். கழற்றியபின் சீட்டுக் கட்டி, அதற்குரிய டப்பாவில் போட வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுகளை வலுவாகத் திருகினால் அவை ஒடியும். எண்ணெய் விட்டு, இலேசாகத் தட்டி, சில நாள் பொறுத்து, சூடு காட்டிப் பின்னரே திருப்ப வேண்டும். ஒடிந்த ஒரு போல்ட்டைத் துளையிட்டு எடுக்க ஒரு முழு நாள் ஆகலாம்.

பல ஆண்டுகள் ஓடாத இயந்திரத்தை உடனே முடுக்கிப் பார்க்க ஆசை எழும். அந்த ஆசையை அடக்குவதே முதல் பாடம். உருளைகளுக்குள் பிஸ்டன்கள் துருவேறி ஒட்டியிருக்கும். ஸ்பார்க் பிளக் துளைகள் வழியாக எண்ணெய் ஊற்றி, அது ஊறும்வரை காத்திருந்து, பின்பு கைப்பிடியால் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். குளிர்நாடுகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் கனபரிமாணம் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு பெருகும் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். இயந்திரத்தினுள் தங்கிய தண்ணீர் உறைந்தால் வார்ப்பிரும்பே பிளந்துவிடும். வார்ப்பிரும்பைப் பற்றவைப்பது தேர்ந்த கொல்லருக்கும் கடினமான வேலை.

மின்சாரப் பகுதியிலும் உங்களுக்குத் தெரிந்த பாடம் ஒன்று இருக்கிறது. இந்த லாரியின் மின் அமைப்பு 6 வோல்ட். ஒரு 24 வாட் விளக்குக்கு 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் போதும். 6 வோல்ட்டில் 4 ஆம்பியர் வேண்டும். மின்னோட்டம் இரட்டித்தால், கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் நான்கு மடங்கு ஆகும். ஆகவே இக்கால வண்டியின் மெல்லிய கம்பியை இதில் இட்டால் விளக்கு மங்கும், கம்பி சூடேறும். பழைய லாரியில் தடித்த கம்பிகள் ஏன் இருந்தன என்பதற்கு விடை உங்கள் பௌதிக நூலிலேயே இருக்கிறது.

விளையாட்டாகச் செய்யக்கூடாத பகுதிகளும் உண்டு. நான்கு டன் எடையுள்ள வண்டியை நிறுத்தும் பிரேக் எண்ணெய் முழுவதும் ஒரே சுற்றில் ஓடுகிறது. ஒரு குழாய் துருப்பிடித்து வெடித்தால் எல்லாச் சக்கரங்களின் பிரேக்கும் ஒருங்கே போய்விடும். சக்கரத்தில் டயரைப் பிடித்து நிற்கும் இரும்பு வளையம் சரியாக அமராமல் காற்று நிரப்பினால், அது தெறித்து ஆளைக் கொல்ல வல்லது. கூண்டுக்குள் வைத்தே காற்று அடைப்பது வழக்கம். பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் இருக்கும். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கும். இரண்டின் தூசியும் சுவாசத்துக்கு நஞ்சு. இக்காலப் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலோ பழைய ரப்பர்க் குழாய்களை அரித்துவிடும். அறிவில்லாத ஆர்வம் எத்துணை அபாயமானது என்பதை இந்த வேலை நன்றாகவே கற்பிக்கும்.

இயந்திர வேலை இப்படி. தொட்டிக்குத் தச்சர் வேலை, கூரைக் கித்தானுக்குத் தையல் வேலை, தேய்ந்த உறுப்புக்குக் கடைசல் வேலை என்று எத்தனையோ கைத்தொழில்களும் இதனுள் அடங்கும். ராணுவம் அச்சிட்ட பழுதுபார்ப்புக் கையேடும் உறுப்புப் பட்டியலும் இன்றும் கிடைக்கின்றன. அன்று பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞனுக்காக எழுதியவை ஆதலால், அவை தெளிவாகவும் படங்களுடனும் உள்ளன. நல்ல உரைநடைக்கு அவற்றையும் ஒரு மாதிரியாகச் சொல்லலாம்.

இவ்வளவும் திறமையைச் சார்ந்தவை. திறமையினும் கடினமான ஒன்று இதற்குப் பின்தான் வருகிறது. பழைய வர்ணத்தை நீக்கும் கட்டத்தில் அது எதிர்ப்படும்.

அனுபவம் உள்ளவர்கள் வர்ணத்தை ஒரேயடியாகச் சுரண்ட மாட்டார்கள். மெல்லிய உப்புத்தாளை நீரில் நனைத்து, ஒவ்வொரு படலமாகத் தேய்ப்பார்கள். மேலே ஒரு மரவியாபாரி பூசிய நீலம் இருக்கலாம். அதன் கீழே பிரெஞ்சு ராணுவப் பச்சை. அதற்கும் கீழே 1944-இன் மங்கிய பழுப்புப் பச்சை. சில வேளை பானெட்டின் பக்கத்தில், பனிமூட்டத்தில் தெரியும் ஆள் போல, பழைய ராணுவ எண் மெல்லத் தலைகாட்டும். இவ்வகை லாரிகளின் எண்கள் நான்கு என்ற இலக்கத்தில் தொடங்கும். எண்பது ஆண்டுகளாக யாரும் படிக்காத எழுத்தைப் படிக்கும் மகிழ்ச்சி அது.

இங்கேதான் கேள்வி பிறக்கிறது. இந்த வண்டியை எந்த நிலைக்கு மீட்பது? தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் புதுமைக்கா? போர்க்களத்துச் சேறும் சிராய்ப்பும் கொண்ட நிலைக்கா? பிரெஞ்சு ராணுவத்தில் உழைத்த காலத்துக்கா? மரம் சுமந்த ஆண்டுகளும் இதன் வாழ்வுதானே? இன்னொரு கேள்வியும் உண்டு. பாதி உறுப்புகளை மாற்றிய பின்பும் அது அதே லாரிதானா? முன்பக்கத் தடுப்புச் சட்டத்தில் ஒரு புகழ்பெற்ற படைப்பிரிவின் குறியை எழுதிவிட்டால் காண்போர் வியப்பார்கள். 'இது ரெட் பால் அணியில் ஓடிய வண்டி' என்று சொன்னால் கூட்டம் சேரும். சான்று இல்லாதபோது அவ்வாறு எழுதலாமா?

நம் நாட்டில் பழைய ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர்களை இங்கு நினைத்துப் பாருங்கள். செல்லரித்த இடத்தில் தாமே ஓர் அடியைப் புனைந்து நிரப்பும் புலமை அவர்களுக்கு இல்லாமலா போயிற்று? ஆயினும் நல்ல பதிப்பாசிரியர் அங்கே புள்ளிகளை இட்டு, 'இவ்விடம் சிதைந்தது' என்று காட்டிவிட்டு மேலே செல்வார். படிப்போர் அவரை நம்புவதற்குக் காரணம் அந்தப் புள்ளிகளே. லாரியை மீட்பவருக்கும் அதே அறம் பொருந்தும். புதிதாகச் செய்த உறுப்பு எது, பழையது எது என்று அவர் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். கண்டெடுத்த எண்ணை அப்படியே தீட்ட வேண்டும். ஒரு படைப்பிரிவின் நினைவாகக் குறி இட்டால், நினைவுக்காக இட்டது என்று கேட்பவரிடம் சொல்லிவிட வேண்டும். பளபளப்பு ஏறுந்தோறும் உண்மை இறங்குமானால், அது மீட்பு ஆகாது, அலங்காரம் ஆகும்.

உண்மையை இவ்வளவு வற்புறுத்துவானேன் என்று தோன்றலாம். ரெட் பால் சாலையில் அந்த லாரிகளை ஓட்டியவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கறுப்பு இன அமெரிக்கர்கள். அந்நாளில் அமெரிக்க ராணுவம் வெள்ளையரையும் கறுப்பரையும் தனித்தனிப் படைப்பிரிவுகளாகப் பிரித்தே வைத்திருந்தது. கறுப்பு இனத்தவரில் பெரும்பாலோர்க்குச் சுமை ஏற்றும் வேலை, லாரி ஓட்டும் வேலை போன்றவையே கிடைத்தன. சுதந்தரத்துக்காக நடக்கும் போர் என்று கேட்டுக்கொண்டே, சம உரிமை இல்லாத ராணுவத்தில், உறக்கமின்றி, இருண்ட சாலையில், பெட்ரோல் நிரம்பிய வண்டியை அவர்கள் ஓட்டினார்கள். டாங்கிகள் நகர்ந்தது அவர்கள் கொண்டுவந்த பெட்ரோலால். ஜனாதிபதி ட்ரூமன், படைகளில் அனைவரையும் சமமாக நடத்த வேண்டும் என்று ஆணை பிறப்பித்தது 1948 ஜூலை 26-ஆம் நாள்தான். போர் முடிந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்.

தளபதிகளுக்குச் சிலைகள் உண்டு. வரலாற்று நூல்களில் அத்தியாயங்கள் உண்டு. அந்த ஓட்டுநர்களின் பெயர்கள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்கள் கை பிடித்த சக்கரம், மிதித்த கிளட்ச், உட்கார்ந்த கடினமான ஆசனம் ஆகியவை அந்த லாரியில் எஞ்சியிருக்கின்றன. சரியாக மீட்ட ஒரு லாரியில் ஏறி அமரும் இளைஞன், கனமான ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தவுடன், இதை இருபது மணி நேரம் ஓட்டியவன் பட்ட பாட்டைத் தன் தோளால் உணர்கிறான். எந்த நூலும் அந்தப் பாடத்தை அவ்வளவு விரைவில் புகட்டாது. அதே லாரியை வெறும் வீரப் பொம்மையாக அலங்கரித்து நிறுத்தினால், அந்த மனிதர்கள் இரண்டாவது முறையும் மறைக்கப்படுவார்கள். போர்க்கருவியைப் பேணுவது ஏன் என்ற கேள்விக்கு என் விடை இதுதான். போரைப் போற்றுவதற்காகப் பேணினால் அது வீண். போரைச் சுமந்த எளியவர்களைப் பற்றிய உண்மையைச் சொல்வதற்காகப் பேணினால் அது பயன்.

மாணவர்களே, உங்களில் பெரும்பாலோர் ராணுவ லாரி எதையும் பழுதுபார்க்கப் போவதில்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதேனும் ஒரு பழம்பொருள் இருக்கும். நின்றுபோன சுவர்க்கடிகாரமோ, பாட்டியின் தையல் இயந்திரமோ, தாத்தாவின் சைக்கிளோ இருக்கும். அதைச் செப்பனிட விரும்பினால், கை வைக்குமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு வாங்கியது, யார் யார் பயன்படுத்தினார்கள், எந்த உறுப்பு எப்போது மாறியது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பிறகு மெல்லப் பிரியுங்கள். வலிந்து திருகாதீர்கள். புதிதாகச் சேர்ப்பதைப் புதிது என்றே குறித்து வையுங்கள். அந்தப் பொருள் ஓடத் தொடங்கும் நாளில், அதோடு சேர்ந்து அதைக் கையாண்டவர்களின் கதையும் உங்கள் வீட்டில் நடமாடும்.